கோமதி எழுதிய கதையை நான் திருத்தியது

சுமதி, மோகன்,

இதை நீங்கள் ரெண்டு பேரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குப் போனில் சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நைனா நல்ல வாத்தியார் என்று ஊரில் நாலு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

காரணம் சுமதிதான். போன மாசம் திருப்பதியிலிருந்து வந்தபோது, நீ பாடம் எடுக்கும் எட்டாம் கிளாஸில் ஒரு பிள்ளை எழுதிய கதையைப் போனில் போட்டுக் காட்டினாய். "எங்க ஊட்டு எருமை காணாம பூடிச்சி" என்று அந்தப் பிள்ளை ஆரம்பித்திருந்தது. போன் அதை, "எங்கள் குடும்பத்தின் அன்புக்குரிய எருமை ஒருநாள் எதிர்பாராத விதமாகக் காணாமல் போனது" என்று மாற்றிக் கொடுத்திருந்தது.

"எப்டி நைனா? நாம ஒரு மணி நேரம் ஒக்காந்து பண்றத ஒரு நிமிசத்துல பண்ணிட்டுது பாரு" என்றாய்.

நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். உங்கள் அம்மா வந்து, "இன்னா, வவுத்த வலிக்குதா?" என்று கேட்டாள். வயிறு இல்லை. அந்தப் போன் செய்கிற வேலையை நான் இருபது வருஷத்துக்கு மேல் சிவப்புப் பேனாவால் செய்தவன். அதனால் ஒரு பெண் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

என் படிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், பிளஸ் டூ மாதிரியான இன்டர் தெலுங்கில், அப்புறம் ரெண்டு வருஷம் டீச்சர் ட்ரெயினிங். கரும்பு வெட்டுகிறவர் மகனுக்கு அதுவே பெரிசு. ட்ரெயினிங்கில் முதல் வாரம், ஏன் லேட் என்று கேட்ட லெக்சரரிடம், "சோறு துன்னுட்டு வந்தேன் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. "அத சாப்பிட்டுன்னு சொல்லிட்டு ஒக்காரு" என்று பத்து நிமிஷம் நிற்க வைத்தார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். புத்தகத்தில், ரேடியோவில், மேடைப் பேச்சில் கேட்ட அழகான வாக்கியங்களை எல்லாம் அதில் எழுதி வைத்தேன். வேலைக்கு வந்தபோது அந்த நோட்டும் என்னோடு வந்தது.

சித்தூருக்கும் பூதலப்பட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் எடுத்தவன் நான் ஒருத்தன்தான். பிள்ளைகளின் கதையைத் திருத்த எனக்கு ஒரு முறை இருந்தது. முதலில் வீட்டுப் பேச்சை எல்லாம் அடிப்பேன். நைனா என்று இருந்தால் தந்தையார், ஊடு என்று இருந்தால் இல்லம். அடுத்து, தலையில் ஒரு இயற்கை வர்ணனை வைப்பேன். நடுவில் குறைந்தது மூன்று உவமை. கடைசியில் ஒரு நீதி. அரைப் பக்கம் எழுதின பிள்ளைக்கு ரெண்டு பக்கமாகத் திரும்பிப் போகும். பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் கதிரவன் சார். எந்தக் கதையைக் கொடுத்தாலும் முதல் வரியில் கதிரவன் உதிப்பான். முனிரத்தினம் என்று ஒரு வாலு இருந்தான். ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், நான் எழுதினது சாயங்காலம் மாடு மேச்சிக்கினு வந்த கத சார்."

"அதுக்கு இன்னாடா?"

"இதுலயும் சூரியன உதிக்க வெச்சிட்டீங்களே. இப்ப நான் மாட்ட ஓட்டிக்கினு ஊட்டுக்குப் போறதா, திரும்ப மேய்க்கப் போறதா?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளும் கதிரவனை உதிக்க வைத்தேன்.

எங்கள் ஹெச்.எம். வசந்தம்மா மேடம் தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். அதனால் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்போகும் கதை, கட்டுரை எல்லாவற்றையும் நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளி விட்ட பிறகு அவர் ரூமுக்குப் போவேன். முதலில் ஃபேனை நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றி வைப்பார், வலது கையை மேஜைமேல் குப்புற வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ஊம், சதவண்டி" என்பார், வாசியுங்கள் என்று. நான் வாசிப்பேன். ஏதாவது ஒரு இடத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் மேலே எழும். உடனே நிறுத்திவிட வேண்டும்.

"கனபடலேது சார்" என்பார். தெரியவில்லை என்று அர்த்தம். "இந்தப் பையன் இப்ப எங்க நிக்கறான்? ரோட்லயா, ஊட்லயா? கையில இன்னா இருக்கு?"

வேடிக்கை என்னவென்றால், விரல் எழும் இடமெல்லாம் நான் சேர்த்த இடமாக இருக்கும். பிள்ளை எழுதியதில் ஏதோ ஒரு வரி தப்பித்து மீதி இருந்தால், அங்கே மேடம் கண்ணை மூடியபடியே சிரிப்பார், இல்லையென்றால் "அய்யோ பாபம்" என்பார். அத்தனை வருஷமும் நான் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டேன் தெரியுமா? மேடத்துக்கு இலக்கியத் தமிழ் புரியவில்லை என்று. வெளியே வந்து மற்ற வாத்தியார்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அப்போதுதான் திருப்பதியில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். கதை பிள்ளையின் சொந்தமாக இருக்க வேண்டும், வகுப்பு ஆசிரியர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேர்வான மூன்று பேர் திருப்பதிக்கு வந்து மேடையில் வாசிக்க வேண்டும். எனக்கு அந்த வருஷம் புரமோஷன் லிஸ்ட்டில் பேர் வர இருந்தது. என் பிள்ளை ஒன்று ஜெயித்தால் நல்லது என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு கோமதி ஒரு கதை கொண்டுவந்தாள். அவள் நைனா ஏழுமலைக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. அவர் அப்பன் காலத்தில் அந்தத் தோப்பிலேயே கூலி வேலை பார்த்த குடும்பம். அந்த வருஷம் மாங்காய் அதிகம். ஜூஸ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் நாள் கணக்கில் நின்றன. கோமதி எழுதியது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

"நைனாவுக்கு சோறு எடுத்துக்கினு போனேன். எங்க டிராக்டருக்கு முன்னாடி எத்தினி டிராக்டர் நிக்குதுன்னு எண்ணிக்கினே போனேன். பாதியில உட்டுட்டேன். நைனா டிராக்டருக்கு அடியில படுத்துக்கினு இருந்தாரு. மேல இருந்து மாங்காத் தண்ணி அவரு சட்ட மேல சொட்டிக்கினு இருந்திச்சி. தள்ளிப் படு நைனான்னேன். தள்ளிப் படுத்தா வெயிலு அடிக்குதுன்னாரு. மூணாவது நாளு, இனிமே எடுக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஏரிக்கரையில வண்டிய நிறுத்தி எல்லாத்தயும் கொட்டினாரு. அப்புறம் வண்டிய கழுவினாரு. வண்டி கழுவி முடிச்சிட்டு மூஞ்சி கழுவினாரு. ரொம்ப நேரம் கழுவினாரு. நான் பின்னாடி நின்னேன். எனக்கு அவரு முதுகுதான் தெரிஞ்சிது. அம்மாவாண்ட சொல்லாதன்னாரு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால இங்க எழுதறேன்."

அவ்வளவுதான் கதை. இதில் நான் கைவைக்க வேண்டியது ரெண்டு எழுத்துப் பிழை மட்டும். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

செங்கதிரோன் பொற்கிரணங்களை வீசினான். தந்தையார் உழவின் மேன்மையை உலகுக்கு உணர்த்தினார். டிராக்டருக்கு அடியில் படுத்ததை எடுத்துவிட்டேன், அது மரியாதையாக இல்லை என்று பட்டது. மூஞ்சி கழுவின இடத்தில், "அவர்தம் கண்ணீர் முத்துக்கள் கன்னங்களில் கோலமிட்டன" என்று போட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை ரெண்டு கோடு போட்டு அடித்தேன். கடைசியில், உழவைப் போற்றுவோம் என்று ஒரு நீதி.

கோமதி நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்க நைனா அழுதாருன்னு நான் எழுதலியே சார்."

"அழுதாரா இல்லியா?"

"மூஞ்சி கழுவிக்கினாரு."

"அது அழுகதாம்மா. படிக்கிறவங்களுக்குப் புரியணும் இல்ல?"

"அப்டியே எழுதினா புரியாதா சார்?"

"நீ சின்னப் பொண்ணு. சொன்னத காப்பி எடு."

அவள் நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாள். இது முழுக்க மாணவியின் சொந்தப் படைப்பு என்று நான் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு கதையை மட்டும் நான் மேடத்துக்கு வாசித்துக் காட்டவில்லை. விரல் எழும் என்று பயந்தேனோ என்னவோ. நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்று பேரில் ஒருத்தியாகக் கோமதி தேர்வானாள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான், கோமதி, ஏழுமலை மூன்று பேரும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். ஏழுமலை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போகும் வழியெல்லாம், "எம் பொண்ணு என்னெப் பத்தி இன்னாவோ எழுதிக்கிதாமே சார், காட்டமாட்டேங்குது" என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். கோமதி மேடையில் நின்று வாசித்தாள். அவள் குரல் அவளுடையதாக இல்லை. வாசித்து முடித்ததும் நடுவர்களில் நடுவில் இருந்த வயசான அம்மா மைக்கை இழுத்தார்.

"நல்லா படிச்சேம்மா. உங்க அப்பா அழுத எடத்துல, கண்ணீர் கன்னத்துல கோலம் போட்டுச்சுன்னு எழுதியிருக்க. அப்ப நீ எங்க நின்னுக்கிட்டு இருந்தே?"

"வண்டிக்குப் பின்னாடிங்க."

"அவர் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தார்?"

"ஏரியப் பாத்துக்கினு."

"அப்ப முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலிங்க. முதுகுதான் தெரிஞ்சிது."

"அப்ப இந்த வரி?"

கோமதி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அத நான் எழுதலிங்க" என்றாள்.

"யார் எழுதினது?"

மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். நடுவர் அம்மா அவள் பார்த்த திசையில் பார்த்தார்.

"நீங்கதான் ஆசிரியரா? நீங்க எதாவது எழுதிக் குடுத்தீங்களா?"

நான் எழுந்து நின்றேன். கையெழுத்துப் போட்ட தாள் அவர் முன்னால் இருந்தது. புரமோஷன் லிஸ்ட் என் கண் முன்னால் இருந்தது.

"இல்லீங்க மேடம். ஸ்பெல்லிங் மட்டும் பாத்தேன்."

பிள்ளைகளே, நான் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். மைக்கில், நூறு பேர் முன்னால், ஒரு கதை சொந்தப் படைப்பு இல்லை என்பதால் நீக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். கோமதி மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் நைனா பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ பின்னால், "காப்பி அடிச்சிக்கிது" என்றார்கள்.

திரும்பி வரும்போது சந்திரகிரியில் பஸ் நின்றது. ஏழுமலை இறங்கி எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மன்னிச்சிக்கங்க சார். எம் பொண்ணால உங்க பேரு கெட்டுப்பூச்சி" என்றார். நான் டீயைக் குடித்தேன். அவர் முன் சீட்டில் இருந்த கோமதியைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த புக்கப் பாத்து எழுதின? சாரு மூஞ்சியப் பாரு, எப்டி சுண்டிப் போயிக்கிது. சொல்லு."

கோமதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லைப்ரரி புக்கு நைனா" என்றாள்.

மறுநாள், சங்கத்துக்காரர்கள் போன் பண்ணினார்கள் என்று மேடம் கூப்பிட்டார். ஃபேனை நிறுத்தினார். முதலில் போட்டிக்குப் போன கதையை வாசிக்கச் சொன்னார். அப்புறம் கோமதியிடம் வாங்கி வைத்திருந்த நோட்டை எடுத்து, சிவப்புக்கு அடியில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். முதல் கதைக்கு அவர் விரல் மேலே எழுந்தது, அது முடியும் வரை திரும்ப மேஜைக்கு வரவே இல்லை. ரெண்டாவதற்கு அது மேஜையை விட்டு எழவே இல்லை. முதுகுதான் தெரிஞ்சிது என்று வாசித்தபோது மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நூறு உவமை சேர்த்தும் அந்த அம்மாவிடம் வராதது அது.

திட்டவில்லை. "மீரே வெள்ளி ஆ பில்ல தண்ட்ரிகி செப்பண்டி" என்றார். நீங்களே போய் அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் சொல்லுங்கள் என்று. மேலே யாருக்கும் அவர் எழுதிப் போடவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏழுமலை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தோட்டத்து வேர்க்கடலையை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கோமதி அசைகிற சத்தம் கேட்டது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். மருந்து அடித்ததைப் பற்றிக் கேட்டேன். எழுந்திருக்கும்போது, "பொண்ண திட்டாதீங்க. சின்னப் பசங்க எல்லாரும் செய்யறதுதான்" என்றேன். சொல்லப் போனவன், அவள்மேல் இன்னொரு தடவை முத்திரை குத்திவிட்டு வந்தேன்.

சொல்லியாச்சு என்று மேடத்திடம் சொன்னேன். புரமோஷனும் வந்தது. நீங்கள் ரெண்டு பேரும் அன்றைக்குக் கேக் வெட்டினீர்கள்.

கோமதி அடுத்த வருஷப் பரீட்சையில் கதை எழுதும் கேள்வியை விட்டுவிட்டு, லீவ் லெட்டர் எழுதும் கேள்வியை எழுதினாள். எல்லாப் பரீட்சையிலும் அப்படியே. அப்புறம் இன்டருக்கு வேறு ஊர் போய்விட்டாள்.

நான் மாறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சிவப்புப் பேனாவை விட்டேன். பிள்ளையையே வாசிக்கச் சொல்லி, எனக்குக் கண்ணில் தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். நீ எங்கே நின்றாய், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். பதிலை அவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். நல்லாவே எழுதினார்கள். சுமதி, நீ என்னிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் முறை இதுதான். அது கோமதியின் தலையில் ஏறி நின்று நான் கற்றது. ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. ரிடையர் ஆன பிறகும் போகவில்லை.

உன் போனைப் பார்த்த நாலாம் நாள் போனேன். உங்கள் அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொன்னேன்.

ஏழுமலைக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. தக்காளிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை நான் உட்காரவில்லை.

"ஏழுமலை, திருப்பதியில அன்னிக்கு உம் பொண்ணு காப்பி அடிக்கல. அத எழுதினது நான்."

அவர் கையிலிருந்த கயிற்றைச் சுற்றி முடித்தார்.

"தெரியும் சார்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கு ஊட்டுக்குப் போனதுமே சொல்லிடுச்சி. சாரு பாவம், வேலைக்கு எதனா ஆயிடும், நீ யாராண்டயும் கேக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வந்தீங்க. இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு ஒக்காந்துக்கினு இருந்தேன். அதுவும் கதவாண்ட நின்னுக்கினு இருந்திச்சி." கயிற்றைக் கொம்பில் மாட்டினார். "நீங்க கடல துன்னுட்டு பூட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"இப்ப எங்க இருக்குது?"

"திருப்பதில ஆஸ்பத்திரில நர்சு. ரெண்டு பசங்க. நல்லாக்கிது சார்."

"எதனா எழுதுதா?"

"எங்க எழுதுது. போன்ல ஒரு வரி டைப் அடிக்காது சார். எதுன்னாலும் வாய்சுதான். 'நைனா மாத்தர துன்னியா'ன்னு அதுக்கும் வாய்சு." சிரித்தார். அப்புறம் என் போனை வாங்கி, அவள் நம்பரை அவரே போட்டுக் கொடுத்தார்.

ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. போனை எடுத்து, மைக்கை அழுத்திப் பேசினேன். "அன்புள்ள கோமதிக்கு, உன் முன்னாள் தமிழாசிரியர் ஆழ்ந்த மனவருத்தத்துடன்" என்று என் வாயில் வந்தது. அழித்தேன். இன்னொரு தடவை பேசினேன். அதில் என் புரமோஷன், என் பயம், அந்தக் காலத்து நிலைமை என்று நீளமாகப் போயிற்று. அதையும் அழித்தேன். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

மூன்றாவது தடவை, நாம் வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினேன்.

"கோமதி, நான் தமிழ் சாரு பேசறேன். மண்டபத்துல பொய் சொன்னது நான். ஸ்பெல்லிங் மட்டும் பாக்கல. நீ எழுதினத அடிச்சிட்டு நான் எழுதினேன். நீ எழுதினது நல்லா இருந்திச்சி. அத நான் உங்கிட்ட ஒரு நாள்கூட சொல்லல."

விரலை எடுத்தேன். போய்விட்டது. அதைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை.